டோட்டல் லாஸ் ஆன கார், லோன் போக மிச்சம் ரூ.2,67,000: என்ன செய்யலாம்?

உறையூரான்:
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் மதுரையிலிருந்து திருச்சிக்கு வரும்போது துவரங்குறிச்சி பக்கம் மாடு குறுக்கே வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பியதில் கார் மீடியனில் ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேறு வண்டி எதுவும் இதில் இல்லை. எனக்குச் சிராய்ப்போடு போயிற்று, முன் சீட்டில் இருந்த நண்பனுக்குக் கணுக்கால் முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள்.

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் ஐ.டி.வி.யில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு) முக்கால் பங்கைத் தாண்டியதால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம், என்று முடிவானது. கணக்கு இப்படி: ஐ.டி.வி. 6,40,000. அதில் கட்டாயக் கழிவு 1,000. உடைந்த வண்டிக்கு ஏலத்தில் வந்த விலை 1,10,000, அதையும் கழித்துவிட்டார்கள், ஏனென்றால் உடைந்த வண்டியை வாங்குகிற ஆள் அந்தப் பணத்தை நேராக என்னிடம் தருவாராம். ஆக கம்பெனி தர வேண்டியது 5,29,000. கார் லோன் பாக்கி 3,72,000 வங்கிக்கே போய்விட்டது. மீதி 1,57,000 என் கணக்கில் விழுந்திருக்கிறது. உடைசலுக்கான 1,10,000 வந்தால் மொத்தம் 2,67,000.

பிரச்சினை என்னவென்றால் வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அப்பா இதை முன்பணமாகக் கட்டிப் புது வண்டி எடு என்கிறார். தம்பி மியூச்சுவல் ஃபண்டில் போடு என்கிறான். எனக்கு வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் கட்டலாமா என்றும் தோன்றுகிறது. கார் வாங்கும்போது மனைவி நகையை வைத்து முன்பணம் கட்டினோம், அந்த நகைக் கடன் 1,40,000 இன்னும் அப்படியே இருக்கிறது. நண்பனுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. இந்தப் பணத்துக்கு வரி உண்டா என்பதும் தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_கண்ணன்:
முதலில் வரி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துக் கணக்கிலேயே வராது, அது தனிப்பட்ட உடைமை. அதனால் அதற்கு வந்த இன்சூரன்ஸ் பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் காட்டி வருடா வருடம் தேய்மானம் எழுதியிருந்தீர்களென்றால் கதை வேறு, அந்தத் தொகையைத் தேய்மானக் கணக்கில் கழிக்க வேண்டும். சம்பளக்காரர் என்றால் கவலையை விடுங்கள். ஆனால் செட்டில்மென்ட் கடிதத்தையும் வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்து வையுங்கள், பின்னாளில் யாராவது இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் காட்ட.

அடுத்து எதில் கட்டுவது. உங்கள் வட்டி விகிதங்களைச் சொல்லுங்கள். சொல்லாமலே ஒன்று சொல்வேன்: வட்டி கட்டிக்கொண்டிருக்கிற ஆள் ஃபண்டில் போடுவது தம்பிக்கு நல்ல யோசனையாகத் தெரியலாம், உங்களுக்கு இல்லை.

உறையூரான்:
நகைக் கடன் 9.25, வீட்டுக் கடன் 8.4. வீட்டுக் கடனில் 18 லட்சம் இருக்கிறது. மாதச் சம்பளம்தான், தொழில் எதுவும் இல்லை.

பழைய_டீசல்:
அண்ணா, எல்லோரும் கடனைக் கட்டு கடனைக் கட்டு என்பார்கள். உங்களுக்குத் தினமும் கார் வேண்டுமா, அதைச் சொல்லுங்கள் முதலில். வேண்டுமென்றால் 2,67,000க்கு ஏழெட்டு வருடம் ஓடிய நல்ல பெட்ரோல் ஹேட்ச்பேக் கிடைக்கும், முதல் ஓனர் வண்டியாகப் பார்த்து, சர்வீஸ் ரெக்கார்ட் இருக்கிறதா பார்த்து எடுங்கள். கார் போன பணம் காராகவே திரும்ப வரட்டும். கடனில் கட்டிவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஷோரூமில் போய் ஏழு வருட லோன் போடுகிற ஆட்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லோன் இல்லாத பழைய வண்டி, லோன் இருக்கிற புது வண்டியைவிட எவ்வளவோ மேல். தூக்கமாவது வரும்.

ஓய்வு_சர்வேயர்:
பணத்தை எதில் போடுவது என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். உறையூரான், அந்த 1,10,000 கையில் வந்துவிட்டதா? வரவில்லையென்றால் அதை எண்ணாதீர்கள். உடைசலை எடுக்கிற ஆள் உங்களிடம் என்னென்ன கேட்டார் என்று அப்படியே எழுதுங்கள். ஆர்.சி. ஒரிஜினல் கேட்டாரா? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் கையெழுத்துக் கேட்டாரா?

உறையூரான்:
ஆமாம் சார். ஒரிஜினல் ஆர்.சி., படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, ஆதார் நகல், வங்கி என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) எல்லாம் கேட்டார். வாங்குபவர் பெயரை எழுதாமல் விட்டுவிடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இன்னும் எதுவும் கொடுக்கவில்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே நிற்கிறது. நான் ஆர்.சி.யை ரத்து செய்துவிட்டுத் தரட்டுமா என்று பேச்சுவாக்கில் கேட்டதற்கு, அப்படியென்றால் 85,000தான் தருவேன் என்றார். அதனால்தான் ஆர்.சி.யோடு கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

ஓய்வு_சர்வேயர்:
நல்லவேளை கொடுக்கவில்லை. முழுக்க எழுதுகிறேன், படியுங்கள்.

முக்கால் பங்குக்கு மேல் சேதமான வண்டிக்கு 85,000 என்றால் அது இரும்பு, இன்ஜின், கதவு, கண்ணாடி எல்லாம் சேர்ந்த விலை. மேலே கொடுக்கிற 25,000 எதற்கு? காகிதத்துக்கு. உயிரோடு இருக்கிற ஆர்.சி.க்கும் சேசிஸ் நம்பருக்கும். எல்லா காயலான் கடைக்காரரையும் நான் குற்றம் சொல்லவில்லை, நியாயமாகத் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சிலர் உண்மையிலேயே வண்டியைச் சரிசெய்து விற்கிறார்கள். ஆனால் அதே மாடல், அதே நிறத் திருட்டு வண்டியில் உங்கள் வண்டியின் சேசிஸ் நம்பரைக் குத்தி உங்கள் ஆர்.சி.யோடு ஓட்டுவதும் நடக்கிறது. அந்த வண்டி ஏதாவது ஊரில் யார்மீதாவது ஏறினால் போலீஸ் முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் இருக்கிற உங்களைத்தான்.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2018ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. விற்றுவிட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. அந்த நேரத்தில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸும் இல்லாமல் போகலாம். 25,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் பல லட்சத்துக்கான வழக்கை வீட்டுக்கு அழைக்க வேண்டாம்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55ன்படி, வண்டி அழிந்துவிட்டாலோ இனி ஓட்ட முடியாத நிலைக்குப் போய்விட்டாலோ உரிமையாளர் 14 நாளுக்குள், அல்லது கூடிய சீக்கிரம், ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்துக்கு ஒப்படைக்க வேண்டும். நீங்கள் தாமதம்தான், பரவாயில்லை, செட்டில்மென்ட் கடிதத்தை வைத்துப் போங்கள். முதலில் வங்கியிடம் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வாங்கி எச்.பி.யை (ஆர்.சி.யில் இருக்கிற வங்கிக் கடன் பதிவு) கேன்சல் செய்ய வேண்டும், அது இல்லாமல் ரத்து நகராது.

இப்போது முக்கியமான விஷயம், இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 25,000 நஷ்டம் உங்களுடையது இல்லை. கம்பெனி ஆர்.சி.யோடு வந்த ஏல விலையைக் கழித்திருக்கிறது. நீங்கள் ஆர்.சி.யை ரத்து செய்து கொடுக்கிறீர்கள் என்றால் ஆர்.சி. இல்லாத விலையைத்தான் கழிக்க வேண்டும், அதாவது 85,000. மிச்ச 25,000ஐக் கம்பெனிதான் தர வேண்டும். ஐ.டி.வி. என்பது பாலிசிக் காலம் முழுவதற்கும் ஒத்துக்கொண்ட சந்தை விலை, டோட்டல் லாஸில் அதற்கு மேல் தேய்மானம் பிடிக்கக்கூடாது என்று மோட்டார் இன்சூரன்ஸ் விதித்தொகுப்பான மோட்டார் டாரிஃபிலேயே இருக்கிறது. உடைசலை விற்றுப் பணமாக்குவது உங்கள் தலைவலி என்று எந்த பாலிசியிலும் எழுதியில்லை. வேண்டுமென்றால் வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு முழு ஐ.டி.வி.யைக் கொடுக்கட்டும் என்று கேட்க உங்களுக்கு இடமிருக்கிறது. போனில் பேசாதீர்கள், மெயில் போடுங்கள்.

உறையூரான்:
சார், இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் முழு இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம் போட்டார்கள். இனிமேல் கேட்க முடியுமா?

ஓய்வு_சர்வேயர்:
கேட்கலாம். அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டதாலேயே உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 1999லேயே அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய கையெழுத்து என்று நீங்கள் காட்ட வேண்டியிருக்கும், அது கொஞ்சம் சிரமம்தான். உங்கள் விஷயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆர்.சி. ரத்து ஆகிறது, அதனால் கழிவுத் தொகையைத் திருத்துங்கள் என்று ஏல விலைப் பட்டியலை இணைத்துக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, அதற்கும் மேலே சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிறவர்). அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். என் அனுபவத்தில் குறைதீர் அதிகாரிக்குப் போகும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும், 25,000க்காக யாரும் ஓம்புட்ஸ்மேன் வரை இழுக்க விரும்ப மாட்டார்கள்.

பழைய_டீசல்:
சர்வேயர் ஐயா சொல்வது சரி. நான் வாங்கிய முதல் பழைய காரே இப்படி டோட்டல் லாஸில் போய்த் திரும்பி வந்த வண்டிதான், வாங்கி ஒரு வருடம் கழித்துத்தான் பழைய கிளெய்ம் விவரம் தெரிந்தது. ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் மூடி மட்டும் இருந்தது. இப்போதெல்லாம் யார் பழைய வண்டி பார்த்தாலும் சேசிஸ் நம்பரை வைத்து இன்சூரன்ஸ் கிளெய்ம் ஹிஸ்டரி எடுக்கச் சொல்கிறேன். உறையூரான் நீங்களும் அப்படியே பாருங்கள், உங்கள் வண்டி யார் தலையிலோ விழுவதுபோல இன்னொருத்தர் வண்டி உங்கள் தலையில் விழக்கூடாது.

ஜெயந்தி_மன்னார்புரம்:
எல்லோரும் ஆர்.சி., ஐ.டி.வி. என்று போய்விட்டீர்கள். நான் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த நகை யாருடையது? மனைவி நகையை வைத்துக் கார் வாங்கி, கார் போய், அந்தக் காருக்கான பணம் கையில் வந்திருக்கிறது. இதில் ஆலோசனை கேட்க என்ன இருக்கிறது? அப்பா, தம்பி யோசனை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், மனைவி என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. 1,40,000 கட்டி நகையை மீட்டுவிட்டு மிச்சத்தைப் பற்றிப் பேசுங்கள். தங்கம் இருக்கிற விலையில் அந்த நகையை நாளைக்கு மறுபடி செய்ய முடியுமா?

கணக்கு_கண்ணன்:
வட்டிக் கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 9.25 பெரியது, அதை முதலில் முடிக்க வேண்டும். வீட்டுக் கடன் ஃப்ளோட்டிங் வட்டியாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் அபராதம் இல்லாமல் கட்டலாம், அதற்கு அவசரம் இல்லை. 18 லட்சத்தில் ஒரு லட்சம் கட்டினால் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் எதுவும் வராது, கடைசி மாதங்கள் சில குறையும், அவ்வளவே. கையிருப்பு இல்லாமல் அதில் கட்டிவிட்டு அடுத்த அவசரத்துக்குத் தனிநபர் கடன் 14 சதவீதத்தில் எடுப்பதுதான் பெரிய நஷ்டம்.

உறையூரான்:
ஜெயந்தி அக்கா, அடி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மனைவியிடம் கேட்டேன். நகையை அப்புறம் பார்க்கலாம், முதலில் அண்ணனுக்குச் செய்யுங்கள் என்றாள். அண்ணன் என்று அவள் சொல்வது என் நண்பனைத்தான்.

அவன் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். மெடிக்கல் இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. முதல் இரண்டு நாள் செலவு அரசுத் திட்டத்தில் (நம்மைக் காக்கும் 48) போய்விட்டது, அதற்கு அப்புறம் ஆன ஆபரேஷனுக்கும் மற்றதற்கும் சேர்த்து அவன் கையிலிருந்து போனது 90,000. கடை மூடிக் கிடந்த நஷ்டம் தனி. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருக்கிறது. 90,000ஐக் கொடுத்து, இதோடு எங்களுக்குள் எதுவும் பாக்கி இல்லை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று என் மாமனார் சொல்கிறார். எனக்கு அந்த எழுதி வாங்குகிற வேலை பிடிக்கவில்லை, ஆனால் பணம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

வக்கீல்_குமாஸ்தா:
கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தத் தாளை மட்டும் எழுதாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

உங்கள் பாலிசிப் புத்தகத்தில் நிபந்தனைகள் பகுதியைத் திறந்து பாருங்கள். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் பாலிசிதாரர் எந்தப் பொறுப்பையும் ஒத்துக்கொள்ளவோ, பணம் தருகிறேன் என்று சொல்லவோ, கொடுக்கவோ கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கும். எல்லாக் கம்பெனி பாலிசியிலும் உண்டு. நீங்கள் நஷ்டஈடு என்று எழுதிப் பணம் கொடுத்தால் நாளைக்கு அதே தாளைக் கம்பெனி எடுத்துக் காட்டும். அதைவிடப் பெரிய விஷயம், நண்பருக்குச் சட்டப்படி கிடைக்க வேண்டியதை நீங்களே 90,000த்தில் அடைக்கிறீர்கள்.

அவருக்குக் கிடைக்க வேண்டியது என்ன? உங்களுடையது சட்டம் கட்டாயமாக்கியதை மட்டும் தருகிற ஆக்ட் பாலிசி இல்லை, சொந்த வண்டிச் சேதமும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசி என்றால் காரில் உட்கார்ந்து வந்தவருக்கு ஏற்பட்ட காயத்துக்கும் கம்பெனி பொறுப்பு. நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன், 2012, உச்ச நீதிமன்றம். அதனால் அவர் திருச்சி மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். எலும்பு முறிவு சட்டத்தில் கொடுங்காயம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164ல் யார் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 இருக்கிறது, 2022 ஏப்ரலிலிருந்து. பிரிவு 166ல் போனால் ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும், ஆனால் மருத்துவச் செலவு, கடை வருமான இழப்பு, வலி, ஊனச் சதவீதம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கலாம். எது அவருக்குத் தேறும் என்று அவர் வைக்கிற வக்கீல் சொல்லட்டும். மனுவுக்கு ஆறு மாதக் கெடு போட்டிருக்கிறார்கள் சட்டத்தில், தை பிறந்துவிட்டது, தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டு கேள்வி. எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? தேர்ட் பார்ட்டியும் (மற்றவர்களுக்கு ஆகிற நஷ்டத்துக்கு) ஓன் டேமேஜும் (சொந்த வண்டிச் சேதத்துக்கு) ஒரே கம்பெனியா? புது வண்டிக்கு மூன்று வருட தேர்ட் பார்ட்டி ஒரு கம்பெனியில் போட்டிருப்பார்கள், இரண்டாம் வருடம் ஓன் டேமேஜ் மட்டும் வேறு கம்பெனிக்கு மாற்றியிருப்பீர்கள். அப்படியென்றால் மனுவில் சேர்க்க வேண்டியது தேர்ட் பார்ட்டி கம்பெனியை, பயணிக்கு அதில் கவர் இருக்கிறதா என்பதையும் ஷெட்யூலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உறையூரான்:
ஒரே கம்பெனிதான், பேக்கேஜ் என்றுதான் போட்டிருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடவில்லை, ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் கொடுத்தார்கள், கிளெய்முக்கு அது போதும் என்றார்கள். எஃப்.ஐ.ஆர். என்றால் என்மேலேதானே போட வேண்டும்? என் நண்பன் என்மேல் கேஸ் போட்டான் என்று ஊரில் சொல்வார்களே?

பழைய_டீசல்:
அதைத்தான் நானும் கேட்க வந்தேன். வக்கீல் சார், எல்லாம் சட்டப்படி சரி. ஆனால் நாலு பேர் இருக்கிற ஊர். சிநேகிதன் கோர்ட்டில் ஒருபக்கம், இவர் இன்னொருபக்கம் நிற்பது நன்றாகவா இருக்கிறது? மனுவில் இவர் கவனமில்லாமல் ஓட்டினார் என்று எழுதுவார்கள். அவன் மனைவி படிப்பாள், இவர் மனைவி படிப்பாள். 90,000 கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டுமே.

வக்கீல்_குமாஸ்தா:
டீசல் தம்பி, மோட்டார் விபத்து மனுவில் அப்பாவே எதிர்மனுதாரராக இருக்கிற கட்டுகள் எங்கள் மேசையில் கிடக்கின்றன. அப்பா ஓட்டிய வண்டியில் அடிபட்ட மகள், கணவன் ஓட்டிய வண்டியில் அடிபட்ட மனைவி. கூடவே ஒரே ஆட்டோவில் கோர்ட்டுக்கு வருவார்கள். பணம் கொடுக்கப்போவது கம்பெனி, உரிமையாளர் பெயர் மனுவில் இருந்தே ஆக வேண்டும் என்பதால் இருக்கிறது. ஊர் பேசும், பேசட்டும்.

எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் உறையூரான் பயப்படுவது நியாயம், மறைக்க மாட்டேன். அவசர ஓட்டுதலுக்கு பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 281, கொடுங்காயத்துக்கு 125(பி) என்று உங்கள்மேல் போடுவார்கள். மாடு குறுக்கே வந்தது என்பது உங்கள் தரப்பு, அதை ஸ்டேஷனில் முதல் நாளே சொல்லியிருக்கிறீர்கள் என்றால் சி.எஸ்.ஆரில் இருக்கும். ஆஸ்பத்திரியில் எழுதிய ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் நகலை வாங்கி வையுங்கள், அதில் எப்படி அடிபட்டது என்று முதல் நாள் எழுதியதுதான் தீர்ப்பாயத்தில் பெரிய சாட்சி. கிரிமினல் பக்கம் என்ன ஆகும் என்று ஒரு வக்கீலை நேரில் பார்த்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், நண்பரின் வக்கீலும் உங்கள் வக்கீலும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. கம்பெனிக்கும் பயணி காயம் பட்டதை எழுத்தில் தெரிவியுங்கள், அதுவும் நிபந்தனையில் இருக்கிறது.

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும்: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கேஸ் நிற்க வேண்டுமென்று இல்லாத லாரியை உருவாக்குகிற ஆலோசனையோடு சிலர் வருவார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

ஓய்வு_சர்வேயர்:
பயணிகளுக்கான விபத்துக் கவர் சேர்த்திருந்தீர்களா என்று யாராவது கேட்பார்கள், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அது மரணத்துக்கும், கை கால் கண் நிரந்தரமாகப் போனதற்கும், நிரந்தர முழு ஊனத்துக்கும் மட்டும்தான். கணுக்கால் முறிவுக்கு அதில் ஒரு பைசா வராது. குமாஸ்தா சொல்கிற வழிதான் வழி.

கணக்கு_கண்ணன்:
நண்பருக்குப் பணம் கொடுப்பதில் இன்னொரு முடிச்சு. நண்பர் சட்டப்படி உறவினர் இல்லை. ஒரு வருடத்தில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வந்த அன்பளிப்பு 50,000ஐத் தாண்டினால் தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையும் வாங்கியவர் வருமானத்தில் சேரும். 90,000 அன்பளிப்பு என்றால் 90,000மும் அவர் கணக்கில் ஏறும். அவர் வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் பாதிப்பில்லை, ஆனால் தெரிந்து கொடுங்கள்.

கைமாற்றாகக் கொடுப்பதென்றால் அது அவருடைய வருமானம் இல்லை. 20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடன் கொடுக்கல் வாங்கல் கூடாது, வங்கி வழியாக அனுப்புங்கள். விவரத்தில் கைமாற்று என்று போடுங்கள், விபத்து நஷ்டஈடு என்று போடாதீர்கள். தீர்ப்பாயத்தில் பணம் வந்த பிறகு திருப்பித் தரட்டும், தராவிட்டால் அது உங்களுக்குள்.

ஸ்ரீரங்கம்_ரவி:
நான் அந்த நண்பன் இடத்தில் இருந்தவன். 2016ல் சித்தப்பா மகன் ஓட்டிய காரில் போகும்போது தொடை எலும்பு முறிந்தது. அவர்கள் வீட்டில் 60,000 கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டோம், கேஸ் வேண்டாம் என்று பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து ராடு எடுக்கிற ஆபரேஷன், அதற்கு அப்புறம் பிசியோதெரபி, யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் அன்றைக்கே கொடுத்தோமே என்பார்கள். இப்போதும் விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறோம், பேசுகிறோம், ஆனால் பழைய மாதிரி இல்லை. கேஸ் போட்டிருந்தால் பேச்சு நின்றிருக்கும் என்று பயந்தோம், போடாததால்தான் நின்றது.

கணுக்காலில் பிளேட் என்றால் பிறகு எடுக்க வேண்டி வரலாம். இப்போதைய பில்லை மட்டும் வைத்து எந்தக் கணக்கையும் முடிக்காதீர்கள். எதிர்கால மருத்துவச் செலவு என்று மனுவில் தனியாகக் கேட்க முடியும்.

ஜெயந்தி_மன்னார்புரம்:
ரவி எழுதியதை உங்கள் நண்பரிடமே காட்டுங்கள். நீங்கள் போய் மனுப் போடு என்று சொன்னால்தான் அவர் போடுவார். அவராக ஒருநாளும் போட மாட்டார், நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று. முதல் அடி உங்களிடமிருந்து வர வேண்டும்.

உறையூரான்:
எல்லோருக்கும் நன்றி. இடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நண்பன் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்றான். ரவி எழுதியதை அவன் மனைவியிடம் காட்டினேன், அவர்தான் போடலாம் என்று முடிவு செய்தார். தனி வக்கீலைப் பார்த்திருக்கிறார்கள். நானும் வேறு ஒருவரைப் பார்த்தேன், எஃப்.ஐ.ஆர். பற்றிக் குமாஸ்தா சொன்னதையே அவரும் சொன்னார், ஸ்டேஷனில் புகார் கொடுத்தாகிவிட்டது. கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். கைமாற்றாக 60,000 வங்கி வழியாக அனுப்பினேன், அதற்கு மேல் வாங்க மாட்டேன் என்றான், சரி என்று விட்டுவிட்டேன்.

உடைசல் ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். கம்பெனிக்கு மெயில் போட்டதற்கு, ஆர்.சி. ரத்துச் சான்று வந்தால் பரிசீலிக்கிறோம் என்று பதில். பரிசீலிக்கிறோம் என்றால் என்ன அர்த்தம் சார்? வங்கி என்.ஓ.சி. வந்துவிட்டது, எச்.பி. கேன்சலுக்குக் கொடுத்திருக்கிறேன்.

கையில் இப்போது 97,000 இருக்கிறது. உடைசல் பணம் வந்ததும் இதோடு சேர்த்து நகையை மீட்டுவிடுகிறோம், அதுவரை நகைக் கடன் வட்டியை மட்டும் கட்டி வைக்கிறேன். கார் இப்போதைக்கு இல்லை. அப்பாவுக்கு மனசில்லை, ஆனால் விட்டுவிட்டார். டீசல் அண்ணா, நீங்கள் சொன்ன பழைய வண்டி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, அடுத்த வருடம் உங்களையே கேட்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம். நேற்று ஃபாஸ்டாகில் குறைந்தபட்ச இருப்பு வையுங்கள் என்று மெசேஜ் வந்தது. வண்டியே இல்லாமல் அதை என்ன செய்வது?

ஓய்வு_சர்வேயர்:
பரிசீலிக்கிறோம் என்றால் சான்று கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். பாதிக்கு மேல் வெற்றி. ரத்து ஆன அன்றைக்கே நகலை அனுப்பி, எத்தனை நாளில் தருவீர்கள் என்று அதே மெயிலில் கேளுங்கள்.

ஃபாஸ்டாகை உடனே மூடுங்கள். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கண்ணாடியில் ஒட்டியிருப்பதைக் கிழித்து எடுத்துவிட்டு, டேக் கொடுத்த வங்கியில் குளோஸ் செய்யச் சொல்லுங்கள், டெபாசிட்டும் இருக்கிற பணமும் திரும்ப வரும். உள்ளே கிடக்கிற டூல் கிட், ஸ்டீரியோ, டிக்கியில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக்கியும் ஸ்டெப்னியும் ஏலத்தில் சேர்ந்தது, அதைத் தொடாதீர்கள். கார் லோனுக்கு மாதா மாதம் பிடிக்கிற ஆட்டோ டெபிட் உத்தரவு ரத்து ஆகிவிட்டதா என்று உங்கள் கணக்கிலேயே பாருங்கள், லோன் முடிந்த பிறகும் ஒரு தவணை பிடித்துவிட்டுத் திரும்ப வாங்க அலைய விடுவார்கள். பாலிசியில் தேர்ட் பார்ட்டிக்கு இன்னும் காலம் பாக்கியிருந்தால் அந்தப் பிரீமியத்தில் ஏதாவது திரும்ப வருமா என்றும் ஆர்.சி. ரத்துச் சான்றோடு சேர்த்தே கேட்டுவிடுங்கள். அடுத்த வண்டிக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும், பழைய சதவீதத்தைக் காட்டிப் பிரீமியம் குறைக்கிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அடுத்த கிளெய்மில் அதை வைத்தே மறுப்பார்கள்.

பழைய_டீசல்:
ஸ்டீரியோ கம்பெனி ஃபிட்டிங் என்றால் அதையும் கழற்றாதீர்கள் அண்ணா, வெளியில் வாங்கி மாட்டியது மட்டும் உங்களுடையது. அடுத்த வருடம் வண்டி பார்க்கும்போது கூப்பிடுங்கள், வருகிறேன்.